கடை யாருடையது, கட்டடம் யாருடையது? – பிரேசர் டவுன் கடைத்தெருவின் கதை

பெங்களூரில் நம்மவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று கேட்டால் மல்லேஸ்வரம், பசவனகுடி, ஜயநகர் என்றுதான் பதில் வரும். பிரேசர் டவுன் என்று சொன்னால், "அங்கே நம்ம மனுஷா உண்டா?" என்று ஆச்சரியப்படுபவர்களே அதிகம். உண்டு, கொஞ்சம் பேர் உண்டு. 1972-ஆம் ஆண்டு உத்தியோக நிமித்தம் கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்த நாள் முதலாக நானும் அவர்களில் ஒருவன்.

நமது சங்கக் கூட்டங்களுக்கு வரும் மூத்த அங்கத்தினர்கள் பேச உட்கார்ந்தால், க்ஷேம சமாசாரங்கள் முடிந்ததும் பேச்சு கடைகளுக்குத் திரும்பிவிடும். "அந்தக் கடை இன்னும் இருக்கா? இந்தக் கடையை எடுத்துட்டாளாமே? எல்லாம் இந்த மால் வந்ததுலேர்ந்துதான்" என்பார்கள். பழைய கடைகளை மால்களும், பிறகு செல்போனில் வாங்கும் பழக்கமும் விழுங்கிவிட்டன என்பது பொதுவான அபிப்பிராயம். ஆனால் எந்தக் கடை எந்த வருஷம் மூடியது என்று வரிசையாக எழுதிப் பார்த்தால் கணக்கு அப்படி வருவதில்லை. எங்கள் பேட்டையை வைத்தே அதைச் சொல்லலாம் என்று இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். விஷயம் நம் அங்கத்தினர்களில் பலரை நேராகவே தொடுகிறது என்பதைக் கடைசியில் காண்பீர்கள்.

பிளேக் உண்டாக்கிய ஊர்

பெங்களூர் வெகு காலம் இரண்டு ஊராக இருந்தது. ஒன்று மைசூர் மகாராஜாவின் ஆளுகையில் இருந்த பழைய பேட்டை. மற்றொன்று 1809-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலப் படை இடம் பெயர்ந்தபோது உண்டான கண்டோன்மெண்ட். தமிழர்கள் அதைத் 'தண்டு' என்றார்கள். படையோடு வடார்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து முதலியார்களும் பிள்ளைகளும் நாயுடுமார்களும் வந்தார்கள். படைக்கு வேண்டிய தானியம், துணி, கட்டட வேலை எல்லாவற்றையும் காண்டிராக்ட் எடுத்துச் செய்தவர்கள் இவர்களே. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலும் வந்துவிட்டபின் தண்டின் கடைத்தெருக்களில் தமிழ்தான் பேச்சு மொழி. 1881-இல் மைசூர் ராஜ்யம் மறுபடி உடையார் வம்சத்திடம் ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டு மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947-இல்தான் அது திரும்பி வந்தது. 1949-இல் இரு நகராட்சிகளும் ஒன்றாகி ஒரே மாநகராட்சி ஆயின.

1898 ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. நெருக்கமான சந்துகளும் காற்று நுழையாத வீடுகளும்தான் காரணம் என்று கண்டு, பேட்டைப் பக்கம் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் உண்டாக்கப்பட்டன. தண்டுப் பக்கம் உண்டானது பிரேசர் டவுன். 1906-இல் அஸ்திவாரம் இடப்பட்டு 1910 வாக்கில் உருப்பெற்றது. அப்போது மைசூரில் ரெசிடெண்டாக இருந்தவர் ஸ்டூவர்ட் பிரேசர். அதற்கு முன் இளவயது மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசானாக இருந்தவர். அவர் பெயரே ஊருக்கு வைக்கப்பட்டது. எலி புக முடியாத வீடு கட்டுவது எப்படி என்று ஜே.எச். ஸ்டீபன்ஸ் என்ற பொறியாளர் இங்கே செய்து காட்டி, அதைப் பற்றி 1914-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். இன்று அரசாங்கக் காகிதங்களில் இந்த இடத்துக்குப் புலிகேசி நகர் என்று பெயர். ஆட்டோக்காரரிடம் சொல்ல வேண்டிய பெயர் இன்னும் பிரேசர் டவுன்தான்.

நேரான தெருக்கள், நடந்து போகும் தூரத்தில் சகலமும் என்ற அமைப்பினால்தான் இங்கே கடைகள் செழித்தன. கோல்ஸ் ரோடு, மாஸ்க் ரோடு, எம்.எம். ரோடு (மாதவராய முதலியார் ரோடு) ஆகிய தெருக்களில் கீழே கடை, மேலே அல்லது பின்னால் வீடு. மாஸ்க் ரோடில் 1902 முதல் நடந்து வரும் ஆல்பர்ட் பேக்கரி, ஊரைவிட வயதில் மூத்தது! மத்தியானத்துக்கு மேல்தான் திறப்பார்கள். நாம் வாங்கக்கூடிய பதார்த்தங்கள் அங்கே சொற்பம் என்றாலும், சாயங்காலம் அந்த வழியாக நடந்தால் வரும் ரொட்டி வாசனைக்கு ஜாதி மத பேதம் கிடையாது.

அந்தக் கடைகள் நடந்த விதம்

நான் வந்த புதிதில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருந்தது. மாதம் பிறந்ததும் சாமான் லிஸ்ட் கொடுத்தால், பையன் சைக்கிளில் கொண்டுவந்து போடுவான். சம்பளம் வந்ததும் பற்று தீர்ப்போம். வட்டி கிடையாது. கடைக்காரருக்கு வீட்டு விசேஷங்கள் அத்தனையும் தெரியும். ச்ராத்தம் வருகிறது என்றால் பயத்தம்பருப்பும் வெல்லமும் அவரே தனியாக எடுத்து வைப்பார். பூஜை சாமான்களுக்கும் நல்ல வாழை இலைக்கும் அல்சூர் கடைத்தெரு. காய்கறிக்கு ரஸ்ஸல் மார்க்கெட். துணிக்கும் நகைக்கும் கமர்ஷியல் ஸ்ட்ரீட். புஸ்தகத்துக்கு மகாத்மா காந்தி ரோடு, சர்ச் ஸ்ட்ரீட். பெரும்பாலும் கால்நடை, அவசரமானால் பஸ்.

இன்று அந்த மளிகைக் கடை இல்லை. கோல்ஸ் ரோடிலும் மாஸ்க் ரோடிலும் கடை இருந்த இடங்களில் பெரும்பாலும் சாப்பாட்டு விடுதிகள். ஒரு சதுர அடிக்கு அதிக வாடகை கொடுக்கக்கூடியது எதுவோ அதுதான் வருகிறது. தையற்கடையும் கடிகார ரிப்பேரும் ஸ்டேஷனரியும் அந்தப் போட்டியில் நிற்க முடியாது.

தேதிகள் சொல்லும் சாட்சி

பெங்களூரின் பெரிய மால்களில் முதலாவதான கோரமங்களா ஃபோரம் திறந்தது 2004-இல். கருடா மால் 2005. ஃப்ளிப்கார்ட் என்ற வியாபாரம் இதே ஊரில் 2007-இல், புஸ்தக விற்பனையில்தான் தொடங்கியது. பிக்பாஸ்கெட் 2011-இல், அதுவும் இதே ஊரில். பத்து நிமிஷத்தில் சாமான் கொண்டுவரும் ஏற்பாடுகள் எல்லாம் 2020-க்குப் பிறகு வந்தவை.

இப்போது பிரீமியர் புக் ஷாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டி.எஸ். ஷான்பாக் 1971-இல் ஆரம்பித்து சர்ச் ஸ்ட்ரீட் ஓரத்தில் நடத்தி வந்த சின்னக் கடை. தரையிலிருந்து கூரை வரை புஸ்தகக் குவியல். எந்தக் குவியலின் அடியில் எது இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கேட்காமலே தள்ளுபடி கொடுப்பார். 2009-இல் அந்தக் கடை மூடப்பட்டது. காரணம் கூட்டம் குறைந்ததல்ல. இடத்தின் குத்தகை முடிந்ததுதான். கடைசி நாட்களில் நுழைய இடமில்லாமல் ஜனங்கள் வந்தார்கள். ஷான்பாக் 2021 மே மாதம் கொரோனாவில் காலமானபோது நாடெங்கும் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. அதே 2009-இல் மகாத்மா காந்தி ரோடிலிருந்த இந்தியா காபி ஹவுஸும் தன் இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தது. காபிக்கு ஆள் இல்லாமல் போகவில்லை. கட்டடக்காரருடன் நடந்த வழக்கு பாதகமாக முடிந்தது. சர்ச் ஸ்ட்ரீட்டில் வேறு இடம் பார்த்துத் தொடர்ந்தார்கள்.

இரண்டும் வியாபாரம் படுத்து மூடிய கடைகள் அல்ல. வியாபாரம் நடக்கும்போதே காலுக்கடியில் இருந்த தரை போன கடைகள்.

1961-உம் 1999-உம்

தரை எப்படிப் போயிற்று என்பதற்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1961-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, கடையில் குடியிருப்பவரைச் சட்டம் சொல்லும் குறிப்பிட்ட காரணங்கள் இல்லாமல் காலி செய்ய வைக்க முடியாது. இஷ்டப்படி வாடகையை ஏற்றவும் முடியாது. தண்டின் பழைய கடைகள் எல்லாம் இந்தக் குடையின் கீழ்தான் தலைமுறை தலைமுறையாக நின்றன.

அதற்குப் பதிலாக வந்தது 1999-ஆம் வருஷத்துக் கர்நாடக வாடகைச் சட்டம். அது 2001 டிசம்பர் 31 முதல் அமலுக்கு வந்தது. அதில் ஒரு வரி இருக்கிறது: வியாபாரத்துக்கான இடங்களில் 14 சதுர மீட்டருக்கு உட்பட்ட கடைகளுக்கு மட்டுமே இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு. 14 சதுர மீட்டர் என்றால் சுமார் 150 சதுர அடி, பத்துக்குப் பதினைந்து அளவுள்ள ஓர் அறை. வெற்றிலை பாக்குக் கடைக்கு அது போதும். மளிகைக்கும் புஸ்தகத்துக்கும் போதாது. அதைவிடப் பெரிய கடைகள் அனைத்தும் ஒரே நாளில் சாதாரணக் குத்தகைச் சட்டத்துக்கு வந்துவிட்டன. அங்கே மாதாமாதம் ஓடும் குத்தகையை முடிக்கப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும்.

பேப்பரில் ஒரு மூலையில் வந்துபோன இந்தச் செய்தியின் பலன், வழக்குகள் மெள்ள மெள்ள முடிந்து ஏழெட்டு வருஷங்களில் தெருவில் தெரிந்தது. அதே சமயத்தில் மென்பொருள் கம்பெனிகளால் நிலத்தின் விலையும் ஏறியது. மகாத்மா காந்தி ரோடில் மெட்ரோ வேலை ஆரம்பித்து 2011 அக்டோபரில் ரயில் ஓடத் தொடங்கியது. மாலும் ஆன்லைனும் இதற்கு மேல் விழுந்த அடிகள். முதல் அடி வாடகை.

ஒரு பிரதி சாட்சியும் உண்டு. ரஸ்ஸல் மார்க்கெட் 1927-இல் கட்டப்பட்டது. 2012 பிப்ரவரியில் பெரும் தீ விபத்தில் ஏராளமான கடைகள் சாம்பலாயின. ஆயினும் அது எழுந்து நின்றது. கட்டடம் மாநகராட்சியுடையது, அதிக வாடகைக்காக அதை இடித்துக் கட்ட அவசரப்படும் சொந்தக்காரர் இல்லை. எங்கள் தெருக்களில் இன்றும் நிற்கும் பழைய கடைக்காரர்களிடம் விசாரித்தபோது, நான் பேசியவர்களில் அநேகமாக எல்லாரும் சொன்ன பதில், "இடம் நம்முது, சாமி" என்பதுதான்.

மற்ற ஊர்களில்

நமது அங்கத்தினர்கள் பல ஊர்களில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரமும் 1999-இல்தான் புதுச் சட்டம் இயற்றியது. 2000 மார்ச் 31-இல் அமலாயிற்று. வங்கிகளுக்கும், ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத மூலதனமுள்ள கம்பெனிகளுக்கும் பாதுகாப்பை நீக்கினார்கள். சின்னக் கடைக்காரரை விட்டுவிட்டார்கள். பகடி முறையும் சட்டத்துக்குள் வந்தது. மாதுங்காவில் இன்றும் பழைய கடைகளைப் பார்க்க முடிவதற்கு அது ஒரு முக்கிய காரணம். ஆனால் அங்கே பல கட்டடங்கள் பராமரிப்பின்றி நைந்து கிடப்பதற்கும் அதுவே காரணம் என்பதை மும்பை அன்பர்கள் அறிவார்கள். தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22-உடன் விடை பெற்றது. எழுத்து மூலமான ஒப்பந்தமும் அதன் பதிவும் இப்போது அங்கே கட்டாயம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஸ்பெயின் தேசத்தில் 1994-ஆம் வருஷத்துச் சட்டம் பழைய கடை வாடகைகளுக்கு இருபது வருஷ அவகாசம் கொடுத்தது. 2014 முடிந்ததும் அவகாசமும் முடிந்தது. பார்சிலோனாவில் பல தலைமுறைக் கடைகள் அடுத்தடுத்து மூடின. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் வேறு வழி கண்டது. 2015-இல் ஜனங்களின் வாக்கெடுப்பு மூலம், முப்பது வருஷம் கடந்த கடைகளைப் பதிவு செய்து உதவித்தொகை கொடுக்கத் தீர்மானித்தார்கள். அதில் விசேஷம் என்னவென்றால், அப்படிப்பட்ட கடைக்குப் பத்து வருஷக் குத்தகை எழுதிக் கொடுக்கும் கட்டடக்காரருக்கும் உதவித்தொகை உண்டு.

கட்டடக்காரர் பக்கம்

நியாயம் பேசும்போது இரு பக்கமும் பேச வேண்டும். பழைய சட்டத்தில் கட்டடக்காரர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டு முன்பகுதியைக் கடைக்கு விட்டுவிட்டு, அதன் வாடகையில் கூரை ஓடு மாற்றக்கூட முடியாமல் திண்டாடிய விதவைப் பாட்டிமார்களை நான் அறிவேன். அவர்கள் சொத்தில் மற்றவர் செழித்தார்கள். 1999 சட்டம் அந்த அநீதியைத் தீர்த்தது. ஆனால் தராசை ஒரேயடியாக மறுபக்கம் சாய்த்துவிட்டது.

கடைக்காரரின் பிள்ளை கடைக்கு வராததும் ஒரு காரணம்தான். மும்பையின் புகழ்பெற்ற ஸ்ட்ராண்ட் புக் ஸ்டால், பிரீமியர் ஷான்பாகின் உறவினர் டி.என். ஷான்பாக் 1948-இல் தொடங்கியது. அவர் 2009-இல் மறைந்தார். கடை 2018-இல் மூடியது. ஆனால் எந்தப் பிள்ளை வருவான்? பதினைந்து நாள் நோட்டீஸில் போகக்கூடிய கடையை நம்பி, படித்த பையனைத் தகப்பனார் உட்கார வைப்பாரா?

எங்கள் வீட்டு வாசலில்

என் மாமனார் வாங்கிய வீடு பிரேசர் டவுனில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. தெருவைப் பார்த்த முன்னறையில் ஒரு காபிப்பொடிக் கடை. பீபரியும் பிளாண்டேஷனும் கேட்ட விகிதத்தில் கலந்து, எதிரிலேயே வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை. அறை 14 சதுர மீட்டரைவிடச் சற்றுப் பெரியது; எனவே 2002 முதல் அந்தக் கடைக்குச் சட்டத்தின் துணை இல்லை. 2004-இல் மாமனார் காலமானார். வீடு என் மனைவிக்கும் அவள் சகோதரர்கள் இருவருக்குமாக வந்தது. ஒருவர் புனேயில், மற்றவர் ஹூஸ்டனில். அடுத்த வருஷமே முன்னறையை ஏ.டி.எம். வைக்கக் கேட்டு ஒரு வங்கி வந்தது. காபிக் கடை கொடுத்த வாடகைக்கு இரண்டு மடங்கு. கூடவே ஒரு பில்டரும் வந்தார்.

மைத்துனர்களுக்கு வங்கியே சரி என்று தோன்றியது. அதில் தவறு சொல்ல முடியாது. என் மனைவி டெலிபோனில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "வாடகைக்காகவா அப்பா அவரை வெச்சிண்டிருந்தார்? ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் வாசல்ல ஒரு மனுஷர் முழிச்சிண்டிருப்பாரேன்னுதான். அம்மா கீழே விழுந்தன்னிக்கு டாக்டரை அழைச்சிண்டு வந்தது யாரு? ஏ.டி.எம். வருமா?"

அதற்குப் பின் பேச்சு 'காலி செய்வதா வேண்டாமா' என்பதிலிருந்து 'எந்த ஷரத்தில்' என்பதற்கு மாறியது. கடைக்காரரையும் உட்கார வைத்துப் பேசினோம். பழைய வாடகை போதாது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மூன்று ஷரத்துகள் எழுதினோம். வாடகையை உடனே ஒன்றரை மடங்காக்கி, வருஷம் ஐந்து சதவிகிதம் ஏற்றுவது. பத்து வருஷத்துக்கு இரு தரப்பும் கட்டுப்படுவது. வீட்டை இடித்துக் கட்டினால், தெருவைப் பார்த்த அதே அளவு இடத்தை முதலில் அவருக்கே கொடுப்பது. இதைப் பத்திரப் பதிவும் செய்தோம். இது முக்கியம்: ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் ஊரெங்கும் பதினோரு மாத அக்ரிமெண்ட் எழுதுகிறார்கள். பதினோரு மாதத்தை நம்பி யாரும் ஒரு நல்ல அரவை மிஷின்கூட வாங்க மாட்டார்கள்.

2015-இல் புதுப்பித்தோம். 2018-இல் வீட்டை இடித்துக் கட்டினோம். கட்டி முடியும் வரை அவர் பக்கத்துத் தெருவில் ஒரு ஷெட்டில் நடத்தினார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது புதுக் கட்டடத்தின் முன்பகுதியில் கடை திரும்பி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் தெருவில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வயோதிகத் தம்பதிகள் நாலைந்து குடும்பம். செல்போனில் எந்த வண்டியும் கிடைக்காத அந்த முதல் வாரங்களில், காபிப்பொடியோடு பாலும் மருந்தும் அந்த வீடுகளுக்குப் போயின. கொண்டு போனது கடைக்காரரின் மகன். பி.காம். படித்தவர், இப்போது கல்லாவில் அவர்தான்.

ஏ.டி.எம். வைத்திருந்தால் அத்தனை வருஷத்தில் கூடுதலாக எவ்வளவு வந்திருக்கும் என்று ஹூஸ்டன் மைத்துனர் ஒரு முறை கணக்குப் போட்டு அனுப்பினார். தொகை சிறியதல்ல. கணக்கின் அடியில் "ஊருக்கு வரும்போது அரை கிலோ, சிக்கரி இல்லாமல்" என்று எழுதியிருந்தார்.

நம்மால் ஆவது

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் நமது அங்கத்தினர்களில் பலர், தகப்பனார் பாட்டனார் வழியாக வந்த வீட்டின் முன்பகுதியில் ஒரு கடையை வைத்திருப்பவர்கள். மைலாப்பூரில், மாதுங்காவில், கரோல்பாகில், கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்தில். பிள்ளைகள் வெளியூரில், பில்டர் வாசலில். அந்த இடத்தில் கடையின் ஆயுசை நிர்ணயிப்பவர் மால்காரர் அல்ல, நாம்தான். தர்ம வாடகைக்குக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நியாயமான வாடகை, வருஷா வருஷம் ஏற்றம், பத்து வருஷம் பதிவு செய்த குத்தகை, இடித்துக் கட்டினால் திரும்பி வரும் உரிமை என்ற நான்கையும் காகிதத்தில் எழுதுங்கள். கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்னபடி அது ஊருக்கு ஊர் வேறு.

வாடகைக்குக் கொடுக்கக் கடை இல்லாதவர்கள், உங்கள் தெருவில் எந்தப் பழைய கடை எந்த வருஷம், என்ன காரணத்தால் மூடியது, எது ஏன் நிலைத்தது என்று விசாரித்து ஆசிரியருக்கு எழுதுங்கள். நாலு ஊர்க் கணக்கைச் சேர்த்து வைத்தால், அடுத்த தலைமுறைக்கு வெறும் பெருமூச்சுக்குப் பதில் ஒரு சரித்திரமாவது மிஞ்சும்.